றெபரி நின்ற ஒழுங்கை

மனிதர்கள் நடப்பதைப் பார்ப்பதுதான் என் தொழில். நரம்பியல் மருத்துவர் என்று சொன்னால் எங்கள் ஊரில் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அதற்குள்ளும் உடல் அசைவுக் கோளாறுகள்தான் என் துறை என்று சொன்னால் அந்தத் தலையாட்டல் பாதியில் நின்றுவிடும். கை தானாக நடுங்குவது, கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, நடக்க நினைத்தால் கால் நிற்பது, நிற்க நினைத்தால் கால் ஓடுவது, இவையெல்லாம்தான் என்னைத் தேடி வருகின்றன. கொழும்பில் படித்து, வெளிநாட்டில் பயிற்சி எடுத்து, கடைசியில் கல்முனைக் கரையோரத்துக்கே வேலைக்குத் திரும்பி வந்தபோது உம்மா அயல்வீட்டுப் பெண்களுக்கு என் படிப்பை விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஆக்கள் நடக்கிறதப் பாத்துக்கிட்டு இரிக்கிறதுதான் அவக்கு வேல. அதுக்குத்தான் இவ்வளவு காலமும் படிச்சவ."

ஊர் எனக்கு வைத்த பெயர் 'நடுக்க டொக்டர்'. கல்யாண வீட்டுக்குள் நான் நுழைந்தால் தேத்தண்ணிக் கோப்பைகள் மேசைக்கு இறங்கிவிடும். யாரும் என் முன்னால் கோப்பையைத் தூக்கிப் பிடிக்க விரும்புவதில்லை. தெருவில் என்னைக் கண்டால் நடுத்தர வயதுக்காரர்கள் இராணுவ அணிவகுப்பில் போவதுபோலக் கையை வீசி நடப்பார்கள். சந்தையில் மீன் வெட்டுகிறவர் கத்தியை உயர்த்தி அந்தரத்தில் அசையாமல் பிடித்துக் காட்டி, "பாருங்க டொக்டர், ஒரு நடுக்கம் இரிக்கா?" என்பார். இல்லை என்று நான் சொல்லும்வரை மீன் வெட்டமாட்டார்.

குற்றம் முழுவதும் ஊரின்மேல் இல்லை. என் கண்ணும் அப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்தவர் கேற்றில் இருந்து கதிரைவரைக்கும் நடந்தபோது இடது கையை வீசவேயில்லை. பார்க்கின்சன் நோய் சிலருக்கு அப்படித்தான் ஆரம்பிக்கும். சபை நிறைந்த உறவினர்களுக்கு நடுவில் நான் கேட்ட முதல் கேள்வி: "இடக் கைய ஏன் வீசல்ல நீங்க?"

உம்மா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை, கணித ஆசிரியர், கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "வரக்குள்ள சேட்டு கக்கத்துல கிழிஞ்சி போச்சி. அதத்தான் அமத்திப் புடிச்சிரிக்கன்."

அந்தப் பதிலுக்காகவே அவரைக் கட்டிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது றெபரியைப் பற்றி. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆனால் ஊருக்கு அவர் தபால்காரர் இல்லை. கல்முனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் எந்த மைதானத்தில் உதைபந்தாட்டம் நடந்தாலும் நடுவில் விசிலோடு நின்றவர். மச்சினனே அடித்த கோலை ஓஃப்சைட் என்று தள்ளியவர். அந்த மச்சினன் இன்றுவரை அவரோடு கதைப்பதில்லை. நிஜப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டுமே தெரியும், மற்ற எல்லோருக்கும் அவர் றெபரி. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க, கள்ள ஆட்டம் ஆடாம எழுதுங்க" என்று அனுமதி தந்தார்.

முதல் நாள் அவர் என் கிளினிக்குக்கு வந்தார் என்று சொல்ல முடியாது. வாசல்வரை வந்தார். கதவு நிலையில் வந்ததும் நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் வரிசை முட்டத் தொடங்கியது.

"உள்ள போங்களன் மாமா!" என்றது ஒரு குரல்.

"நான் போறன்தான். காலு வருகுதில்ல" என்றார் அவர், மெல்லிய குரலில்.

அவருடைய மனைவி பின்னால் இருந்து முதுகைத் தள்ளினார். உடம்பு முன்னால் சாய்ந்ததே தவிரக் கால் தரையில் ஒட்டியபடியே இருந்தது. நான் எழுந்து போய்த் தள்ளுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, என் வலது காலை அவருடைய செருப்புக்கு முன்னால் குறுக்காக வைத்தேன்.

"மாமா, என்ட காலத் தாண்டி வாங்க."

அவர் என் காலைக் குனிந்து பார்த்தார். மைதானத்தில் அப்படி ஒரு காலைக் கண்டிருந்தால் உடனே விசில் ஊதியிருப்பார். பிறகு வலது காலை உயர்த்தி, என் காலைத் தாண்டி, எதுவும் நடக்காதவர்போல நேராக வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

வரிசையில் இருந்து "மாஷா அல்லாஹ்" என்று ஒரு சத்தம் எழுந்தது. அன்றைக்குப் பிடித்த சனியன், என் வலது காலில் ஏதோ பறக்கத், இறையருள் இருப்பதாக ஊரில் ஒரு பேச்சு. சீனி வருத்தத்து நோயாளிகள் தாண்டக் கேட்டார்கள். பரீட்சை எழுதப் போகும் மகளைக் கூட்டிவந்த ஒரு தாய், "ஒருக்காக் கால நீட்டுங்க புள்ள, தாண்டிட்டுப் போகட்டும்" என்று கெஞ்சினார். நான் மேசைக்குக் கீழே காலை மடித்து வைத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கப் பழகினேன்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பார்க்கின்சன் நோயில் மூளைக்குள் ஒரு இரசாயனம் குறைந்துகொண்டு போகிறது. யோசிக்காமல் தானாக நடக்கும் நடை அதனால் தடைப்படுகிறது. வாசல், ஒடுக்கமான இடம், திரும்பும் முடக்கு, அவசரம் இவை வந்தால் கால் பூமியோடு ஒட்டிவிடும். ஆனால் கண்ணுக்கு முன்னால் தாண்டுவதற்கு ஏதாவது இருந்தால், ஒரு கோடோ ஒரு தடியோ ஒரு டொக்டரின் காலோ, மூளை வேறு வழியால் சுற்றிப் போய்க் காலைத் தூக்கிவிடுகிறது. மாத்திரைகளை எழுதிக் கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முந்தி, வெறும் வயிற்றில் போட வேண்டும் என்றேன். பிறகு மனைவியிடம், வீட்டில் அவர் நிற்கிற இடங்களில் தரையில் குறுக்காக வெள்ளைக் கோடு போடுங்கள் என்றேன்.

"கோடா?"

"ஓம் தாத்தா, கோடு" என்றேன். அக்காவை நாங்கள் தாத்தா என்போம்.

"குர்ஆன் ஓதித் தண்ணி தெளிச்சம், பள்ளிக் கந்தூரிச் சோத்துக்குக் குடுத்தம், கொழும்புக்குக் கொண்டு போய் ஸ்கேன் எடுத்தம். கடைசியில கோடா?"

அடுத்த முறை றெபரி வரவில்லை, மனைவி மட்டும் கிளினிக்குக்கு வந்தார். முகம் சரியில்லை. "நீங்க வந்து ஒருக்கா எங்கட ஊட்டப் பாருங்க" என்றார். பக்கத்து ஒழுங்கைதான், போனேன்.

அவர்களுடைய மருமகன் பெயின்ற் கடை வைத்திருக்கிறவர். மாமனாருக்காக வீதிக்கு அடிக்கிற தரமான வெள்ளை பெயின்றையே கொண்டுவந்து படுக்கையறையில் இருந்து குளியலறைவரை அழகாகக் குறுக்குக் கோடு போட்டிருந்தார். அதுவரை சரி. ஆனால் கோடு போடும்போது மேற்பார்வை செய்தவர் றெபரி. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் அவருக்குள் வேறொன்று எழும்பிவிட்டது. மண்டபத்தின் நடுவில் ஒரு வட்டம். சுவர் ஓரம் முழுக்க எல்லைக்கோடு. குசினி வாசலில் இருந்து அடுப்புவரைக்கும் ஒரு பெட்டி.

"நான் சமைக்கிற இடம் பெனல்டி பொக்ஸாம்" என்றார் மனைவி. "அதுக்குள்ள நிண்டு அவரட கோப்பையத் தொட்டா ஹேண்ட்போலாம். மருமகன் பின்வாசலால வந்ததுக்கு மஞ்சள் அட்டை காட்டினவரு. சம்பந்தி ஊட்டாக்கள் வந்து வட்டத்துக்க இரிக்கிறாங்க, எழும்பச் சொல்றாரு!"

மண்டபத்தின் மறுபக்கத்தில் இருந்து றெபரி நடந்து வந்தார். கோடு கோடாகக் காலை எடுத்துவைத்து, ஒரு இடத்திலும் நிற்காமல், நிமிர்ந்த நடை. என் தொழிலில் அப்படி ஒரு நடையைக் காணக் கிடைப்பது எப்போதாவதுதான். மனைவியின் முறைப்பாட்டை நான் கவனமாகக் கேட்டேன். அவருடைய பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் மனிதர் நடக்கிறார். வட்டத்தை மட்டும் அழிக்கலாம் என்று ஒரு சமாதானத்துக்கு வந்தோம். றெபரி அதற்கும் கொஞ்ச நேரம் கையை உயர்த்தி எதிர்ப்புத் தெரிவித்துவிட்டுத்தான் ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வெளியே கோடு இல்லை. பள்ளிவாசலுக்குப் போகும்போது மருமகன் கூடவே போய், நின்ற இடத்தில் காலைக் குறுக்கே வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மருமகன் கடைக்குப் போய்விட்டார். பத்திரிகை வாங்கப் போகிறேன் என்று றெபரி தனியாக இறங்கிவிட்டார்.

அந்த ஒழுங்கை நடுவில் ஒடுங்கி முடங்கும். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மூடி உடைந்த வடிகான். சரியாக அந்த முடக்கில்தான் எங்கள் வட்டாரத்துச் சபை உறுப்பினரின் வீடு. பெரிய இரும்புக் கேற். அந்தக் கேற்றுக்கு நேர் முன்னால் றெபரியின் கால்கள் ஒட்டிவிட்டன.

அதே நேரம் உள்ளே இருந்து உறுப்பினரின் வாகனம் வெளியே வந்தது. சாரதி ஹோர்ன் அடித்தார். றெபரி அசையவில்லை. இன்னொரு முறை அடித்தார். ஹோர்ன் அடிக்க அடிக்கக் கால் இன்னும் இறுகும், அவசரம் என்றால் அந்த நோய்க்கு ஆகாது. சாரதிக்கு அது எப்படித் தெரியும்? இறங்கி வந்தார்.

"மாமா, கொஞ்சம் அங்கால நில்லுங்க."

றெபரி அவரைப் பார்த்தார். இந்த நோய் முகத்தையும் விடாது. முகத்துத் தசைகள் இறுகி, உணர்ச்சி வெளியே தெரியாது. கண் இமைப்பதும் குறையும். உள்ளே பயந்துபோய் நிற்கிற மனிதர் வெளியே பார்க்கிறவர்களுக்குப் பாறைபோல இருப்பார். குரலும் தாழ்ந்துவிடும். கால் வரவில்லை என்று அவர் சொன்னாராம். அது வாகன எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்தான் முதலில் கூவினார். "கேட்ட மறிச்சிட்டாரு! றெபரி கேட்ட மறிச்சிட்டாரு!"

ஒழுங்கை நிரம்பிவிட்டது. ஏன் மறிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. வடிகான் மூடிக்காக என்றார் ஒருவர், போன கிழமை அதற்குள் அவருடைய ஆடு விழுந்திருந்தது. வீதி விளக்குக்காக என்றார் இன்னொருவர். யாரோ குடை கொண்டுவந்து றெபரியின் தலைக்குமேல் பிடித்தார்கள். யாரோ கதிரை கொண்டுவந்து வைத்தார்கள். அவர் உட்காராததைக் கண்டு கூட்டம் உருகிவிட்டது. ஒருவர் பிஸ்கற் பெட்டியைக் கிழித்து 'நீதி வேண்டும்' என்று எழுதித் தூக்கிப் பிடித்தார். எதற்கு நீதி என்று கேட்டதற்கு, "முதல்ல வேணும் எண்டு சொல்லுவம், மறுகா எதுக்கெண்டு பாப்பம்" என்றாராம்.

உறுப்பினர் வெளியே வந்தார். நல்ல மனிதர், சனம் கூடினால் பதறுகிறவர்.

"மாமா, என்ன பிரச்சினையெண்டாலும் கதைச்சித் தீப்பம். வடிகானுக்கு மூடியா? இந்த மாசத்துக்குள்ள போட்டுத் தாறன்."

றெபரி இமைக்காமல் பார்த்தார்.

"லைட்டும் போடுறன்."

குடை பிடித்தவர் குடையை இன்னும் உயர்த்தினார்.

"சரி மாமா, ஒழுங்கை முழுக்கக் கொங்கிறீட். வேற என்னத்தச் செய்ய? வாயத் தொறந்து சொல்லுங்களன்!"

"அசையிறாரில்ல பாருங்க" என்றது கூட்டம் பெருமையோடு. பல கைபேசிகள் உயர்ந்து நின்றன.

எனக்கு றெபரியின் மனைவியிடம் இருந்து அழைப்பு வந்தது. "புள்ள, சுறுக்கா வாங்க. இவரு போராட்டத்துல நிக்கிறாராம்!"

"என்ன போராட்டம்?"

"அது எனக்கு என்னண்டு தெரியும்? ஊட்ட இரிந்து போகக்குள்ள ஒண்டும் சொல்லல்லயே!"

நானும் கணவரும் ஓடினோம். சனத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் அவருடைய வாயோடு காதை வைத்தேன்.

"டொக்டர், காலு ஒட்டிட்டு" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "சிறுநீர் வேற முட்டிக்கிட்டு வருகுது."

"என்ன சொல்றாரு? என்ன சொல்றாரு?" என்றது கூட்டம்.

என் தொழில் வாழ்க்கையில் நான் அவ்வளவு இக்கட்டில் நின்றதில்லை. ஒரு நோயாளியின் நோயைச் சனத்துக்கு நடுவில் சொல்லக்கூடாது. அவரும் தன் வருத்தம் இன்னதென்று ஊருக்கு வெளியிட்டிருக்கவில்லை. அதற்காகப் பொய்யும் சொல்ல முடியாது. "அவரு இப்ப ஊட்ட போகணுமாம்" என்றேன். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

உறுப்பினரின் முகம் மலர்ந்தது. "அப்ப நான் சொன்னத ஏத்துக்கிட்டாரா?"

நான் றெபரியைப் பார்த்தேன். "ஓம் எண்டு சொல்லுங்க" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. "கெதியாச் சொல்லுங்க."

"ஓமாம்" என்றேன்.

கூட்டம் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொன்னது. அந்தச் சத்தத்துக்குள் நான் என் வலது காலைக் குறுக்கே வைத்தேன். றெபரி அதைத் தாண்டினார். தாண்டியதும் திரும்பிப் பார்க்காமல் வீட்டை நோக்கி நடந்த வேகத்தைக் கண்டு, "எவ்வளவு ரோசம் பாத்தயா" என்றார் குடை பிடித்தவர். உறுப்பினர் என் காலையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பெண் காலை வைத்தால்தான் அந்த மனிதர் அசைகிறார், அப்படியானால் இதற்கெல்லாம் தலைமை யார் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. அன்றில் இருந்து என்னைக் கண்டால் அவர் எழுந்து நிற்கிறார்.

ஒழுங்கைக்குக் கொங்கிறீட் வந்தது. வடிகானுக்கு மூடியும் வந்தது. வேலை முடியும்போது உறுப்பினர் தானே றெபரி வீட்டுக்குப் போய், வேறு ஏதும் குறை உண்டா என்று கேட்டிருக்கிறார். "கோடு" என்றிருக்கிறார் றெபரி. ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. மனிதர் இன்னொரு முறை வந்து நின்றுவிடுவார் என்று பயம். றெபரியின் வாசலில் இருந்து பள்ளிவாசல் வரைக்கும் ஒழுங்கை முழுக்கக் குறுக்கு வெள்ளைக் கோடுகள், ஒரு காலடிக்கு ஒன்று.

நோய்க்கு அது பொன்னான வேலை. போக்குவரத்துக்கு அப்படி இல்லை. புதிதாக ஒழுங்கைக்குள் நுழைந்த ஓட்டோக்காரர்கள் அதைப் பாதசாரிக் கடவை என்று நினைத்து நிற்பார்கள். யாரும் கடப்பதில்லை என்று கண்டு எடுப்பார்கள். உடனே அடுத்த கடவை. ஓர் ஓட்டோ அந்த ஒழுங்கையைக் கடக்கிற நேரத்தில் றெபரி பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்துவிடுவார் என்று என் கணவர் வகுப்பில் கணக்குக் கொடுத்தார். பக்கத்து ஒழுங்கைச் சனம் தங்களுக்கும் கோடு வேண்டும் என்று மனுக் கொடுத்தது. கோடு எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது.

இதெல்லாம் ஓய்ந்தது என்று நான் நினைத்திருந்த வேளையில் சம்மாந்துறைப் பக்கத்து வயல் வட்டையில் இருந்து மூன்று விவசாயிகள் கிளினிக்குக்கு வந்தார்கள். மூவரும் நல்ல நடை, நல்ல கை வீச்சு. நோய் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன வருத்தம்?" என்றேன்.

மூத்தவர் தொண்டையைச் செருமினார். "வருத்தம் எங்களுக்கில்ல டொக்டர். வட்டைக்கு. சிறுபோகத்துக்கு வெதச்சி நிக்கிறம், வாய்க்கால்ல தண்ணி வருகுதில்ல. நீர்ப்பாசனக் கந்தோருக்கு நடந்து நடந்து செருப்புத் தேஞ்சி போச்சி."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நல்லா நிக்கிற நோயாளி ஒராளத் தாங்க" என்றார். "ஒரு காலையில மட்டும். கந்தோர் கேட்டுக்கு முன்னால. வாகனத்துல ஏத்திக்கொண்டு போய், வாகனத்துல கொண்டு வந்து உடுவம். பகல் சாப்பாடும் தருவம்."

நோயாளிகள் வாடகைக்கு விடும் சாமான் இல்லை என்று சத்தம் போட்டேன். நோயை விளக்கினேன், நரம்பை விளக்கினேன். கடைசியில் அவர்கள் மரியாதையாக எழுந்தார்கள். "விளங்குது டொக்டர். நீங்க தர வேணாம். ஒங்கட காலக் கொண்டுவந்து வெக்காம இரிந்தாக் காணும்" என்று சொல்லிவிட்டு நேராக றெபரி வீட்டுக்குப் போனார்கள்.

றெபரியின் மனைவி அழைத்துச் சொன்ன காலையில் நான் போனபோது றெபரி தன் பழைய கறுப்பு உடுப்பில் நின்றார். காற்சட்டைக்குப் பதிலாகச் சாரம், மேலே மத்தியஸ்தர் சேட்டு.

"வேணாம் மாமா. வெயில்ல விழுந்தா என்ன செய்ற?"

"டொக்டர், என்ட ஆயுசுல நான் ஒரு பக்கமும் சேந்து நிண்டதில்ல" என்றார். "நடுவுலதான் நிண்ட. சும்மா பத்திரிகை வாங்கப் போனதுக்கே இவனுகளுக்கு றோட்டு வந்திரிக்கு. ஒருக்காவது நெனச்சிக்கிட்டு நிண்டு பாப்பமே."

"தாத்தா, நீங்க சொல்லுங்க" என்றேன் மனைவியிடம்.

"போகட்டும் புள்ள" என்றார் அவர். "இண்டைக்கெண்டாலும் நான் பெனல்டி பொக்ஸுக்குள்ள நிம்மதியாச் சமைக்கிறன்."

விழுந்துவிடுவார் என்ற பயத்தில் நானும் வாகனத்தில் ஏறினேன்.

கந்தோர் வாசலைக் கண்டதும் எனக்கே வியப்பாக இருந்தது. இந்த நோய்க்காகவே கட்டியதுபோல ஒரு வாசல். ஒடுக்கமான கேற், கொஞ்சம் சரிவு, உடனே ஒரு திருப்பம், நெருக்கியடிக்கும் சனம். பாடப்புத்தகத்தில் படம் போடலாம். வட்டைக்காரர்கள் ஒரு பந்தலே போட்டிருந்தார்கள். றெபரி இறங்கினார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கேற்றை நோக்கி நடந்தார், சரிவில் ஏறினார், கேற்றுக்குள் நுழைந்தார், மறுபக்கம் போய்விட்டார்.

"மாமா! நில்லுங்க!" என்று கத்தினார் மூத்த விவசாயி.

றெபரி திரும்பி வந்தார். திரும்புவதுதான் இந்த நோயில் கஷ்டம். அவர் காற்றாடிபோலத் திரும்பினார். மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். காலையில் உற்சாகத்தில் எதுவும் சாப்பிடாமல் மாத்திரையைப் போட்டிருந்தார், வெறும் வயிற்றில் அது முழுதாக வேலை செய்தது. அதோடு பழைய உடுப்பு, கூடி நிற்கிற சனம். கோடு ஒன்றும் இல்லாத அந்தத் தரையில், நான் அவரை அறிந்த காலம் முழுவதிலும் காணாத நடை நடந்தார்.

"நிக்கத்தான் பாக்கிறன் டொக்டர்" என்றார், வியர்த்து, என்னைக் கடந்து போகும்போது. "நிக்குதில்ல!"

காவலாளி வந்து, யாரைச் சந்திக்க வேண்டும் என்று கேட்டார். சும்மா போய்ப் போய் வருகிறவர் யாரைச் சொல்வார்? "பெரியவர" என்றுவிட்டார் றெபரி. காவலாளி உள்ளே கூட்டிக்கொண்டு போய் விட்டார். நானும் மூன்று விவசாயிகளும் பின்னால் ஓடினோம்.

கந்தோருக்குப் பெரியவரான பொறியியலாளர் கதிரையில் இருந்து எழுந்தார். றெபரியின் சேட்டையும் முகத்தையும் உற்றுப் பார்த்தார்.

"நீங்க எனக்கு ஒருக்காச் சிவப்பு அட்டை காட்டினீங்க."

"நீ காலக் குறுக்கப் போட்டிரிப்பாய்" என்றார் றெபரி.

பொறியியலாளர் கொஞ்சம் யோசித்தார். "ஓம், போட்டன்தான்" என்றார். பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி சொன்னார்.

விஷயம் எளிதாக இருந்தது. மேலே வாய்க்கால் கட்டு உடைந்திருந்தது. அடைக்கும் வேலை நடக்கிறது, அதுவரை தண்ணீர் திறந்தால் வீணாகும். இதை விவசாயிகளிடம் யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேற்றுக்கு வெளியே நின்றார்களே தவிர உள்ளே வந்து கேட்கவில்லை, கேட்டாலும் விடமாட்டார்கள் என்று எண்ணம். "நம்பாட்டி வாங்க, போய்ப் பாப்பம்" என்றார் பொறியியலாளர்.

போனோம். வாகனம் நின்ற இடத்தில் இருந்து உடைப்புவரைக்கும் ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் வாய்க்கால் கட்டு. ஒரு பக்கம் வறண்ட வாய்க்கால், மறுபக்கம் வெடித்த வயல். றெபரி முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் பொறியியலாளர், விவசாயிகள், கடைசியில் கிளினிக் சப்பாத்தோடு நான். எந்த நிமிடமும் நிற்பார் என்று அவருடைய குதிகாலையே பார்த்துக்கொண்டு வந்தேன். நிற்கவில்லை. உடைப்பு வந்ததும் மண் நிரப்பிக்கொண்டிருந்த இயந்திரத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். அந்தப் பக்கத்தில் பார்க்க ஒன்றும் இல்லை. அவர் நடக்க ஆசைப்பட்டார். போகவிட்டோம். கொக்குகள் எழுந்து விலக, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் கட்டின்மேல் போய்க்கொண்டே இருந்தார். மூத்த விவசாயி என் பக்கத்தில் வந்து நின்று, "பாவம், நிக்கத்தான் கூட்டி வந்த" என்றார்.

உடைப்பு அடைபட்டுத் தண்ணீர் வந்தது. அறுவடைக்குப் பிறகு றெபரி வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி வந்திறங்கியது. அவர் நின்றதால்தான் தண்ணீர் வந்தது என்று சம்மாந்துறைப் பக்கம் இன்றும் சொல்கிறார்கள். அவர் அன்று ஒரு கணமும் நிற்கவில்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் யாரும் கேட்பதாக இல்லை.

அதற்குப் பிறகு அப்படி ஒரு நாள் அவருக்கு வாய்க்கவில்லை. நோய் தன் பாட்டுக்குப் போகிறது. மாத்திரைகள் கூடியிருக்கின்றன, அவை வேலை செய்கிற நேரம் குறைந்திருக்கிறது. இப்போது நான்கு கால் தாங்கி பிடித்துத்தான் நடக்கிறார். போன முறை வந்தபோது பரிசோதனை எல்லாம் முடிந்த பின்னும் எழும்பாமல் இருந்தார்.

"டொக்டர், அண்டைக்கு வாய்க்கால் கட்டுல நடந்தனே. அது மருந்தாலயா?"

"மருந்தாலயும்தான் மாமா."

"மத்தது?"

"மத்தது எனக்குத் தெரியா."

அவருடைய முகம் அசையவில்லை, அது இப்போது அசைவதே இல்லை. ஆனால் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும். "தெரியாட்டி நல்லம்" என்றார். பொத்துவிலில் அந்த வார இறுதியில் ஒரு உதைபந்தாட்டப் போட்டி இருந்தது. போகலாமா என்று கேட்டார். நீண்ட பயணம், இடையிடையே வாகனத்தை நிறுத்தி இறங்கிக் காலை நீட்ட வேண்டும் என்று சொல்லிப் போகவிட்டேன்.

போட்டிக்கு மறுநாள் அவருடைய மனைவியை அழைத்து, எப்படிப் போனது, யார் வென்றார்கள் என்று கேட்டேன்.

"யாரு வெண்ட எண்டு எனக்குத் தெரியா புள்ள" என்றார் அவர். "இவரு ஆட்டத்தப் பாக்கவேயில்ல. முழுக்க அந்த றெபரியத்தான் ஏசிக்கிட்டு இரிந்தாரு."